கந்தக பேட்டரிக்கு இரண்டு நாள் லீவு

சான்பாடா லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால், ரிட்டையர் ஆன பிறகும் நான் ஏன் செம்பூரில் ரயில் ஏறி இங்கே வருகிறேன்? மைக்கை வேறு கையில் கொடுத்துவிட்டீர்கள். இனி உங்கள் பாடு.

உள்ளே நுழையும்போதே உங்களில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், டெஸ்டிங் ரூம்ல ஒரு அலமாரி இருக்கே, அதுல இருக்கற பேட்டரி செல்லுக்கெல்லாம் ஒயரே இல்ல. சும்மா கிடக்கு. மேல காய்ஞ்ச பூமாலை வேற. ஹவுஸ்கீப்பிங்ல சொல்லி எடுத்துடவா?" என்றாள். தாயே, உனக்குப் புண்ணியமாகப் போகும், அதைத் தொடாதே! இன்றைக்கு நான் எலக்ட்ரோலைட் தயாரிப்பது பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அந்த அலமாரியின் கதையைச் சொல்கிறேன், அது போதும்.

அப்போது லேப் செம்பூரில் இருந்தது. டிராம்பே போகும் சாலையில் ஒரு பழைய ஷெட். பஸ் திரும்பும்போதெல்லாம் கண்ணாடிக் குப்பிகள் கலகலவென்று ஆடும். பேட்டரிக்குள் ஊற்றும் எலக்ட்ரோலைட் திரவம் என் பொறுப்பு. நான் கலந்து கொடுப்பதை வைத்து செல் கட்டி, டெஸ்டரில் மாட்டி, சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்ப்பது இசக்கியின் பொறுப்பு. முழுப் பெயர் இசக்கியம்மாள். தாராவிப் பெண், என்ஜினியரிங் முடித்ததும் வந்த முதல் வேலை. அவள் அப்பா காலையில் அண்டாவில் இட்லி எடுத்துக்கொண்டு போய் விற்பவர், அதனால் எங்கள் லேபில் யாரும் காலை டிபனுக்குக் கவலைப்பட்டதே இல்லை. எங்கள் இருவருக்கும் மேலே டைரக்டர். டோம்பிவிலியிலிருந்து தொங்கிக்கொண்டு வருவார். பாதி தமிழ், பாதி ஹிந்தி, கோபம் வந்தால் முழு மராத்தி.

லித்தியம் கந்தக பேட்டரி ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எடை குறைவு. கந்தகம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் மலையாகக் கிடக்கிறது. தொல்லை எங்கே என்றால், பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்ததும் கந்தகம் எலக்ட்ரோலைட்டில் கரைந்துகொண்டு தன் இடத்தை விட்டுக் கிளம்பிவிடும். கல்யாண வீட்டில் பந்திக்கும் சமையல்கட்டுக்குமாக அலைந்துகொண்டே இருக்கும் ஒரு மாமா இருப்பாரே, அந்த மாதிரி. லித்தியம் பக்கம் போகும், அங்கே கொஞ்சம் சார்ஜைத் தின்றுவிட்டுத் திரும்பி வரும், மறுபடி போகும். ஒரு வேலையும் நடக்காது, சரக்கு மட்டும் தீரும். அதைத் தடுக்க எலக்ட்ரோலைட்டில் நைட்ரேட் உப்பு சேர்ப்பார்கள். லித்தியத்தின் மேல் மெல்லிய தோல் போட்டுக் காவல் இருக்கும். ஆனால் அந்த உப்பு போகப்போகத் தீர்ந்துபோகும். சில சமயம் வாயு விட்டு செல்லைப் பூரி மாதிரி உப்ப வைத்துவிடும்.

நான் அந்த உப்பை ரொம்பவும் குறைத்து ஒரு கலவை செய்தேன். அடேயப்பா, என்ன ஓட்டம்! ஏற்றினால் ஏறுகிறது, இறக்கினால் இறங்குகிறது, உப்பலே கிடையாது. இசக்கியின் திரையில் கோடு ஒரே மட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு அங்குலம் உயரமாக நடந்தேன். டைரக்டர் தம் செலவில் வடா பாவ் வாங்கித் தந்தார். அது சரித்திரத்தில் இல்லாத விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் ட்ரோன் கம்பெனி வந்தது. மலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகும் ட்ரோன். எடை குறைந்த பேட்டரி தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு டெமோ, பிடித்திருந்தால் அங்கேயே கையெழுத்து. பிடிக்காவிட்டால்? டைரக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "தேக்கோ, இந்த ஆர்டர் வரலைன்னா மேலிடத்துல நம்ம செக்‌ஷனையே பந்த் பண்ணிடுவாங்க. ராஜி, நீ எப்படியும் கொஞ்ச நாள்ல ரிட்டையர். இசக்கி என்ன பண்ணுவா?"

"எங்கப்பாகூட அண்டா தூக்குவேன், வேற என்னத்த செய்ய?" என்றாள் இசக்கி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அன்று அவள் கொண்டுவந்த இட்லியை அவளே தொடவில்லை.

டெமோவுக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. இசக்கி முதல் நாளே கேந்திப்பூ, சந்தனம், பொரி எல்லாம் வாங்கிவந்து டெஸ்டரை நிறுத்தப்போனாள். டைரக்டர் குதித்தார்.

"அரே, என்ன பண்றே நீ? டெமோ தலைக்கு மேல நிக்கறது! டெஸ்டர் ஓடட்டும், பக்கத்துல ஒரு ஊதுபத்தி ஏத்து, பஸ், போதும்!"

"சார், ஓடுத மெஷினுக்கு எப்படி சார் பூ வைக்க? வருசம் பூரா மாடா உழைக்குதுல்லா, ரெண்டு நாள் ஓய்வு வேண்டாமா அதுக்கு? எங்க தெருவுல தையல் மெஷின்கூட அன்னைக்கு ஓடாது."

"ராஜி, நீயாவது சொல்லு."

நான் என்ன சொல்வேன்? கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலின் வாசனை அவள் தூக்குச் சட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. "போகட்டும் விடுங்கோ சார், குழந்தை ஆசைப்படறா" என்றேன். என் விஞ்ஞான நோக்கு அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிறுத்துவதற்கு முன்னால் இசக்கி எல்லா செல்லையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றினாள். பாதி ஏறின நிலையிலேயே அணைத்துவிட்டுப் போகலாமே, எதற்கு மெனக்கெடுகிறாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கே மேடம்! வெறும் பாத்திரத்த சாமி முன்னால வைப்பாங்களா? நெறச்சுத்தான வைக்கணும்" என்றாள். ஏற்றினாள், ஒயரைக் கழற்றினாள், அலமாரியில் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்தாள். அப்புறம் தசரா லீவு. பூட்டிக்கொண்டு போய்விட்டோம்.

லீவு முடிந்து வந்து டெஸ்டரில் மாட்டி இறக்கிப் பார்த்தால், முதல் செல் முக்கால் வழியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒயர் சரியில்லை என்று இசக்கி மாற்றி மாட்டினாள். அடுத்த செல்லும் அப்படியே. அதற்கடுத்ததும். எல்லாவற்றிலும் நாலில் ஒரு பங்கு சார்ஜைக் காணோம்! யாரும் எடுக்கவில்லை, எங்கும் போகவில்லை, பூட்டின அறையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பேட்டரி அது.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைத் தாள் காப்பி டிகாக்‌ஷனில் தோய்த்தது மாதிரி இருந்தது. கரைந்து வந்த கந்தகத்தின் கறை அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை மாதமும் எங்கள் டெஸ்டர் ராப்பகலாக, ஒரு நொடி நிற்காமல் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் கந்தகத்துக்கு ஊர்சுற்ற நேரமே கிடைக்கவில்லை. தாதர் ஸ்டேஷனில் வண்டி மாற ஓடுகிறவன் கடைகளை வேடிக்கை பார்ப்பானா? சும்மா உட்கார வைத்ததும் அதற்குக் கால் முளைத்துவிட்டது. காவல் இருக்க வேண்டிய உப்பையோ நானே குறைத்துவைத்திருக்கிறேன். முழு சார்ஜோடு சும்மா வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் கேட்கவே தோன்றவில்லை. இந்த ஊரில் சும்மா இருப்பது யாருக்குத் தெரியும்?

இசக்கி தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான்தான் மேடம் கெடுத்தேன். பூசை கீசைன்னு குதிக்காம இருந்திருந்தா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? என் வாயில கொள்ளிய வைக்க!"

"பைத்தியமே, நீ கெடுக்கல. கெட்டுப்போயிருந்ததை எடுத்துக் காட்டியிருக்கே. அழாதே, மூக்கைச் சிந்து" என்றேன். ஆனால் அந்தக் கலவை என் பிள்ளை மாதிரி. அதைக் குறை சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை.

டைரக்டர் மட்டும் தெளிவாக இருந்தார். "இதுல என்ன ப்ராப்ளம்? டெமோ அன்னிக்குக் காலைல ஃபுல் சார்ஜ் பண்றோம். உடனே பறக்க விடறோம். பறக்கும். இதுல பொய் எங்க இருக்கு? ரெண்டு நாள் வெச்சுப் பாத்தீங்களான்னு அவங்க கேக்கல, நாம சொல்லல. ஆர்டர் கையில வரட்டும், அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம்."

உங்களுக்கும் ஒரு நாள் ஒரு டைரக்டர் இப்படிச் சொல்வார். அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் டைரக்டர் தங்கமான மனுஷர், இசக்கியின் வேலை போய்விடக்கூடாது என்றுதான் அவருக்கு அத்தனை பதற்றம். அதனால்தான் அவர் பேச்சை மறுப்பது கஷ்டமாக இருந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டெமோ அன்று காலையில் பேட்டரியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

டெமோவுக்குப் பன்வேல் தாண்டி ஒரு மைதானம். அணுசக்தி நிலையம் இருக்கும் டிராம்பே பக்கம் ட்ரோனைப் பறக்கவிட்டால் அது இறங்குவதற்கு முன்னால் நாங்கள் ஜெயிலுக்குள் போயிருப்போம். அங்கே கம்பெனி அதிகாரி ஒருவரும், இந்த ட்ரோனைப் பயன்படுத்தப்போகும் மலை ஆஸ்பத்திரி டாக்டரும் வந்திருந்தார்கள். டாக்டர் நம் ஊர்க்காரர். என் தமிழைக் கேட்டதுமே, "நீங்க மாட்டுங்காவா? எந்த பில்டிங்?" என்றார். ஆமாம், அந்தத் தமிழ்ப் பேட்டையில்தான் வளர்ந்தேன் என்றேன். அப்புறம் என்ன, அவர் அத்தைக்கு நான் சொந்தம், எனக்கு அவர் பள்ளிக்கூடம் சொந்தம், ஐந்து நிமிஷத்தில் நான் மேடத்திலிருந்து மாமி ஆகிவிட்டேன்.

ட்ரோன் பறந்தது. என்ன அழகாகப் பறந்தது தெரியுமா! மரங்களுக்கு மேலே போய், வளைந்து, மருந்துப் பெட்டியைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இசக்கி மட்டும் தட்டாமல் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஷாமியானாவுக்குள் வந்து உட்கார்ந்தோம், சாயா வந்தது, அதிகாரி பேனாவைத் திறந்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினேன். "டாக்டர், ஒண்ணு கேக்கறேன். சார்ஜ் பண்ணி வெச்சுட்டா, இந்த பேட்டரியை எப்போ எடுப்பேள்?"

மேஜைக்கு அடியில் டைரக்டரின் ஷூ என் காலை மிதித்தது.

டாக்டர் சிரித்தார். "எப்போன்னு எனக்கே தெரியாதே மாமி. பாம்பு சொல்லிட்டா கடிக்கும்? மழைல ஆறு ரொம்பிடுத்துன்னா அந்தப் பக்கம் ரெண்டு மூணு ஊர் தனியா மாட்டிண்டுடும். அப்போதான் இது வேணும். அதுவரைக்கும் அலமாரிலதான் இருக்கும்."

"வேணும்ங்கறபோது ஒரு தடவை திரும்ப சார்ஜ் ஏத்திக்கலாமே?"

"கரண்டா? எங்க ஊர்ல மொதல்ல கரண்ட் போகும், அப்புறம்தான் ரோடு போகும்."

அவ்வளவுதான். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ நடு ஆற்றின் மேலே, மருந்தோடு, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கும் ஒரு ட்ரோன் கண்ணில் தெரிந்தது. கரையில் யாரோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

"அப்படின்னா இது உங்களுக்கு ஆகாது டாக்டர்" என்றேன். "இன்னிக்குக் காலைல ஏத்தினதால பறந்தது. ரெண்டு நாள் சும்மா வெச்சா நாலில் ஒரு பங்கு போயிடறது. இன்னும் வெச்சா இன்னும் போகும். எங்களுக்கே இப்போதான் தெரிஞ்சுது." பூஜையையும் சொன்னேன், சுண்டலையும் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இசக்கியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் வேலையை நான் என் வாயால் தூக்கிப் போட்டிருக்கிறேன், அதுவும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல்.

எழுந்து போகப்போன அதிகாரியை டாக்டர்தான் நிறுத்தினார். "இவா தானா வந்து சொல்லிட்டா. சொல்லாதவாகிட்ட வாங்கிண்டு போய் நான் மழைல என்ன பண்ணுவேன்? அடுத்த மழைக்காலம் வரைக்கும் டயம் குடுங்கோ" என்றார். அதிகாரி யோசித்தார். கொடுத்தார்.

திரும்பும்போது வாஷி பாலத்தில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டோம். டைரக்டர் ஜன்னலைப் பார்த்தபடி, "ராஜி, நீ ஒரு கேள்வி கம்மியா கேட்டிருக்கலாம்" என்றார். வண்டி நகர்ந்ததும், "டீக் ஹை. மழைக்கு முன்னாடி முடிக்கணும். மேலிடத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். பின் சீட்டிலிருந்து இசக்கி என் தோளைத் தட்டி ஒரு டப்பாவை நீட்டினாள். இட்லி. காலையிலிருந்து இருவருமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்த வேதியியலை உங்கள் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொன்னால், கந்தகத்தை ஆசையாகக் கரைத்துக்கொள்ளும் கரைப்பானை விட்டுவிட்டு, அதை ஏறெடுத்தும் பார்க்காத ஒரு கரைப்பானைப் பிடித்தேன். காவல் உப்பைத் திரும்பக் கூப்பிட்டேன், அளவாக. சார்ஜ் ஏறுவது மெதுவாகிவிட்டது. டைரக்டர் மராத்தியில் புலம்பினார். புலம்பட்டும் என்று விட்டுவிட்டேன். அலமாரியில் வாரக்கணக்கில் உட்காரப்போகிற பேட்டரி கொஞ்சம் மெதுவாக ஏறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு கலவையையும் செல்லாக்கி, நிறைத்து, பூ வைத்து, அலமாரியில் விட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எனக்குக் கை அரிக்கும். மழைக்காலம் வேறு நெருங்குகிறது. "ஒண்ணே ஒண்ணை எடுத்துப் பாக்கலாமாடி?" என்பேன். இசக்கி அலமாரிக்கு முன்னால் நின்றுகொள்வாள். "இட்லிய பாதியில தொறந்து பாத்தா வெந்துருமா மேடம்? போயி வேற வேலயப் பாருங்க." என் சர்வீஸில் அத்தனை அதட்டல் யாரிடமும் வாங்கியதில்லை. முதல் கலவை தோற்றது, அடுத்ததும் தோற்றது. ஒன்று உப்பியது, இன்னொன்று ஏறவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் ஒன்று, வைத்த சார்ஜை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுத்தது. இசக்கி கத்திய கத்தலில் வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதே கலவையில் ஒரு பேட்டரி கட்டி, முழுக்க ஏற்றி, மழை தொடங்குவதற்கு முன் கம்பெனியின் ட்ரோனோடு டாக்டருக்கு அனுப்பினோம். "அலமாரியில் வைத்துவிடுங்கள், தொடாதீர்கள்" என்று மட்டும் சொன்னோம். நான் ரிட்டையர் ஆனேன். மழை வந்தது. டாக்டரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்கள் செக்‌ஷன் இருக்குமா போகுமா என்பது இப்போது அந்த ஒரு பேட்டரியின் தலையில் இருந்தது. இசக்கி தினமும் போன் செய்து, "எதாவது தெரிஞ்சுதா மேடம்?" என்பாள். என்ன தெரியும்? வீட்டில் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரே கொரகொரப்பு. டாக்டர் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "மாமி, இப்போதான் டவர் வந்தது. ரோடு போயி, கரண்ட் போயி எத்தனையோ நாளாச்சு. நேத்திக்கு ஆறு தாண்டி அந்தப் பக்கம் நாத்து நட்டுண்டிருந்த ஒரு பொண்ணைப் பாம்பு கடிச்சுடுத்துன்னு அங்க இருக்கற எங்க நர்ஸ் வயர்லெஸ்ல சொன்னா. உங்க பேட்டரியை எடுத்து ட்ரோன்ல மாட்டினேன். போயிட்டு வந்துடுத்து மாமி, மருந்தைக் குடுத்துட்டுத் திரும்பியும் வந்துடுத்து!"

நான் என்ன கேட்டேன் தெரியுமா? இத்தனை வருஷம் லேபில் இருந்தவளாயிற்றே. "எறங்கினப்புறம் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருந்தது?" என்று கேட்டேன்.

டாக்டர் சொன்னார். "மாமி, மொதல்ல அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு கேளுங்கோ."

"எப்படி இருக்கா?" என்றேன்.

"எழுந்து உக்காந்து டீ குடிக்கறாளாம். சக்கரை பத்தலைன்னு நர்ஸோட சண்டை போடறாளாம்."

புளிக்கையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கையைக் கழுவாமலே இசக்கிக்குப் போன் போட்டேன். அவள் அழுததில் அவள் அப்பாவே பயந்துபோய் போனைப் பிடுங்கி, "என்ன ஆச்சு மேடம், வேல போயிட்டா?" என்றார். "இல்லே, வேலை நிலைச்சுடுத்து. நாளைக்கு எல்லாருக்கும் இட்லி குடுத்து அனுப்புங்கோ" என்றேன்.

அந்த வாரமே கம்பெனி கையெழுத்துப் போட்டது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த ஹால் அப்படி வந்ததுதான். அதோ, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாளே, உங்கள் டெஸ்டிங் ஹெட், அவள்தான் இசக்கி. அவள் அழுத கதையைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மைக்கை வாங்கினேன், என்ன செய்ய.

அலமாரியைக் காலி செய்யவா என்று கேட்ட பெண் எங்கே? நீதானே? வா இங்கே. பூ காய்ந்திருக்கிறது என்று நீ சொன்னது சரி. ஸ்டேஷன் வாசலில் கேந்திப்பூ விற்கிறார்கள், வரும்போது பார்த்தேன். போய் ஒரு முழம் வாங்கிவந்து மாற்று. செல்லை மட்டும் தொடாதே, அது வேலையில் இருக்கிறது.